ஒரு குழாய்க்கு ஐந்து சனிக்கிழமைகள்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பொருள்: தங்கள் மகனும் என் மாப்பிள்ளையுமானவரை, என் மகளோடும் நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிப் புத்தகங்களோடும் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொள்ளக் கோருவது – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் தாங்கள் போனில் "எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டதும், நான் "பரம சௌக்கியம்" என்று பதில் சொன்னதும்.

வணக்கம். இங்கே நான், மகள், மாப்பிள்ளை மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே தங்கள் முழங்காலும் சம்பந்தியம்மாவின் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று நம்புகிறேன். நிற்க. பார்வையில் கண்ட என் பதில் உண்மைக்குப் புறம்பானது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அப்போது மாப்பிள்ளை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குடிநீர் வாரியத்தில் இணைப்புப் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பொருளும் பார்வையும் போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. என் மனைவி இருந்தவரை, மளிகைச் சீட்டுக்கும் பார்வை போடுவீர்களா என்று கேட்டுச் சிரிப்பாள். ஆகவே தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகக் குடியிருப்பில் கூரையைப் பழுதுபார்க்கிறார்கள், "மூணே மாசம் மாமா" என்று சொல்லிப் பிள்ளைகள் இருவரும் என் வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. அவர்கள் வந்ததில் எனக்கு வருத்தம் என்று நினைக்காதீர்கள். மகள் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை முடிந்து வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். மாப்பிள்ளை குணத்தில் தங்கம், இரைந்து பேச மாட்டார், குளித்த துண்டைத் தானே உலர்த்துவார். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அவரிடம் இருப்பதெல்லாம் ஒரு வட்டம். 'சனிக்கிழமை வட்டம்' என்று அதற்குப் பெயர். அவர் பாடம் நடத்துகிற பொதுக்கொள்கைத் துறையின் கருத்தரங்கு அறையும் அதே பழுதான கூரையின் கீழ் இருந்ததால், பதினோரு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு அந்தத் துறை என் முன்னறையில் கூடி, அரசு என்பது எவ்வளவு பெரிதாக இருக்கலாம், தனிமனிதன் எவ்வளவு சுதந்திரமாக இருக்கலாம் என்று பேசுகிறது. இந்த வீட்டில் தனிமனிதன் நான் ஒருவன்தான். எனக்கு உட்கார இடம் இல்லை.

வருகிறவர்கள் மாப்பிள்ளையோடு சேர்த்து ஒன்பது பேர். அதில் மூன்று பேரைத் தாங்கள் தெரிந்துகொண்டால் போதும், மற்றவர்கள் தலையாட்டுகிறவர்கள். ஒருவர் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர், எல்லோரும் பெரியவர் என்பார்கள். என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரே என்று ஃபேனைக் குறைக்கப் போனால், "அரசு எங்க தலையிடக் கூடாதுங்கறதுக்கு இது ஒரு உதாரணம்" என்பார். இரண்டாவது ஒரு அம்மா, சுதந்திரத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். நான் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் சுதந்திரம் அம்மா. மூன்றாமவர், யார் எதைச் சொன்னாலும் "ஆனாலும்" என்று ஆரம்பிக்கிறவர். அவரை எல்லோருமே ஆனாலும் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

முதல் சனிக்கிழமை, வீடு தேடி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதே என்று ஒன்பது டம்ளரில் டீ போட்டு எடுத்துப் போனேன். தட்டைக் கீழே வைத்தேனோ இல்லையோ, சுதந்திரம் அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஐயா, இதை நீங்க மனசார விரும்பிச் செய்றீங்களா, இல்ல சூழ்நிலை உங்களைச் செய்ய வைக்குதா?" என்று கேட்டார். "டீ ஆறுதும்மா" என்றேன். "ஆனாலும்," என்றார் ஆனாலும், "எங்களுக்கு டீ வேணுமான்னு கேக்காமலே கொண்டு வந்துட்டாரே, அது நம்ம தேர்வைப் பறிக்கறது இல்லையா?" பெரியவர் கண்ணைத் திறக்காமலே, குடிமக்களுக்கு எது நல்லது என்று அரசே முடிவு செய்துவிடுவதற்குத் தந்தைமைப் போக்கு என்று பெயர் என்றார். தந்தைதானே நான், வேறு என்ன போக்கு எனக்கு வரும்? முக்கால் மணி நேரம் பேசினார்கள். டீ நடுவில் இருந்து ஆடை கட்டியது. கடைசியில் அவரவர் டீயை அவரவர் விருப்பப்படி அவரவரே போட்டுக்கொள்வது என்று முடிவாகி ஒன்பது அறிஞர்களும் என் சமையலறைக்குள் நுழைந்தார்கள். பால் பொங்கி வழிந்தபோது, அடுப்பு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் அதை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து மிகவும் சந்தோஷப்பட்டார்கள். பொங்கியதைத் துடைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளை என் சர்க்கரை டப்பாவை எடுத்து மேல்தட்டின் கோடியில் வைத்தார். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது தங்களுக்குத் தெரியும். "தடையெல்லாம் இல்ல மாமா. எடுக்கறது உங்க உரிமை. எடுக்கறதைக் கொஞ்சம் சிரமமா ஆக்கியிருக்கேன், அவ்வளவுதான். மெல்லத் தூண்டறதுன்னு இதுக்குப் பேரு" என்றார். என் வீட்டில், என் சர்க்கரையை எடுக்கும் என் உரிமையை நிலைநாட்ட ஸ்டூலில் ஏறி நின்றபோது மகள் வந்துவிட்டாள். "இறங்குங்கப்பா" என்றாள், அவ்வளவுதான், நான் இறங்கிவிட்டேன். அவள் பொதுக்கொள்கை படித்தவள் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் சம்பந்தி. வினை வந்தது என் கையெழுத்தால். என் மளிகைச் சீட்டைப் பார்த்த சுதந்திரம் அம்மா, "அச்சடிச்ச மாதிரி இருக்கே, எங்க கூட்டக் குறிப்பை ஐயாவே எழுதட்டும்" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்று நாலு வருடத்தில் என்னை யாரும் எதுவும் எழுதச் சொன்னதில்லை. புது நோட்டு வாங்கி, ஓரம் மடித்து, அலுவலகத்தில் எழுதுகிற மாதிரியே எழுதினேன்: இன்னார் இன்னது சொன்னார், இன்ன வேலையை இன்னார் இன்ன தேதிக்குள் முடிக்க வேண்டும். அடுத்த வாரம் வாசித்தேன். சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது. "ஐயா, பேரெல்லாம் போட்டுட்டீங்களே!" என்றார் சுதந்திரம் அம்மா. வட்டத்துக்கு ஒரு விதி இருக்கிறதாம். பேசியதை வெளியில் சொல்லலாம், பேசியவர் யார் என்று சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. அப்போதுதான் பயமில்லாமல் மனதில் பட்டதைப் பேசுவார்களாம். "வேலையை ஒப்புக்கிட்டவர் பேருமா?" என்று கேட்டேன். "யார் பேரும்தான்" என்றார்கள். சரி என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஒரு பங்கேற்பாளர் கூறினார், மற்றொரு பங்கேற்பாளர் மறுத்தார், ஒரு பங்கேற்பாளர் ஒப்புக்கொண்டார் என்று திருத்தி எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் இப்படிக் குறிப்பு எழுதியிருந்தால் இந்த ஊர் இன்றைக்கும் கிணற்றில்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும்.

ஏழு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் இணைப்பில் கசிவு கண்டது. குடிநீர் வாரியத்தில் இருந்தவன் வீட்டிலேயா என்று தாங்கள் கேட்கலாம். நான் தண்ணீரைக் காகிதத்தில் மட்டும்தான் ஓடவிட்டிருக்கிறேன், குழாயைத் தொட்டதில்லை. ப்ளம்பருக்குப் போன் செய்யப் போனவனை மாப்பிள்ளை கையைப் பிடித்துத் தடுத்தார். "சனிக்கிழமை வரைக்கும் பொறுங்க மாமா. இந்த மாதிரி ஒரு கேஸ் லேசுல கிடைக்காது" என்றார். கிடைத்தது.

முதல் சனிக்கிழமை, கசிவு இந்த வீட்டின் சொந்த விஷயமா பொது விஷயமா என்று ஆராய்ந்தார்கள். தண்ணீர் எங்கள் எல்லைக்குள் நிற்கும்வரை ஒழுகவிடுவது எங்கள் சுதந்திரம் என்று முடிவாயிற்று. இரண்டாவது சனிக்கிழமைக்குள் தண்ணீர் தரையில் இறங்கிக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவின் கூரையில் ஈரம் படர்ந்துவிட்டது. ஒருவர் செய்கை சம்பந்தமில்லாத இன்னொருவரைப் பாதித்தால் அதற்குப் புறவிளைவு என்று பெயராம். "கேஸ் வளருது மாமா!" என்று மாப்பிள்ளை சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பை, பேரப்பிள்ளை பிறந்த சேதி சொல்லும்போது பார்க்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை, பாதிக்கப்பட்டவரின் குரல் இல்லாமல் கொள்கை வகுக்கக் கூடாது என்று தையல்காரம்மாவை மாடிக்கு அழைத்தார்கள். அந்த அம்மா கழுத்தில் இன்ச் டேப்பும் வாயில் குண்டூசியுமாக வந்து நின்றார். 

"இந்தக் கசிவோட வாழற அனுபவத்தை உங்க வார்த்தையிலயே சொல்லுங்கம்மா" என்றார் சுதந்திரம் அம்மா.

தையல்காரம்மா குண்டூசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். "அனுபவம் என்னங்க அனுபவம், சொட்டுது. வாளி வெச்சிருக்கேன். நிறைஞ்சா கொட்டறேன்."

"ஆனாலும், உங்க சம்மதம் இல்லாம இது உங்க மேல திணிக்கப்பட்டதா நினைக்கறீங்களா?"

"ப்ளம்பரைக் கூப்பிடுங்க" என்றார் அந்த அம்மா. 

எல்லோரும் கைதட்டினார்கள். 'மக்களிடமிருந்து வந்த பரிந்துரை' என்று என்னைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். மரியாதைக்காகப் படிவரை கூடப் போனேன். அந்த அம்மா இரண்டு படி இறங்கி நின்று, "சார், இவங்கள்லாம் யாரு?" என்று கேட்டார். "படிச்சவங்கம்மா" என்றேன். "அத்தனை பேருமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நாலாவது சனிக்கிழமைதான் தீர்மானம் வந்தது. ப்ளம்பரை அழைக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தலாமா என்று இரண்டு மணி நேரம் அலசிவிட்டு வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, பெரியவர் கண்ணை மூடியபடியே, "ஒருத்தர் தானாவே முன்வந்து ப்ளம்பரைக் கூப்பிடறார்னு வெச்சுக்குவோம். அப்போ கட்டாயம்ங்கற பேச்சுக்கே இடமில்லையே" என்றார். அடடா என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிக்கல் தீர்ந்தது. அவர்கள் உலகத்தில் ஒன்றை வைத்துக்கொள்வோம் என்றால் அது நடந்த மாதிரிதான். நான் என்ன கண்டேன், 'ப்ளம்பரை அழைக்க ஒரு பங்கேற்பாளர் தாமாகவே முன்வந்தார்' என்று அச்சடித்த மாதிரி எழுதி, வாசித்து, ஒப்புதலும் வாங்கிவிட்டேன். ஒன்பது பேரும் அந்த ஒருவர் மற்ற எட்டுப் பேரில் யாரோ என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். யார் என்று கேட்பது விதிக்கு விரோதம். புதன்கிழமை பொறுக்காமல் மாப்பிள்ளையைக் கேட்டேன். "நான் இல்ல மாமா. யாருன்னு நான் ஊகிக்கறதும் நியாயம் இல்ல" என்றார். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

நீரே போன் செய்தால் என்ன என்று தாங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குறிப்பெழுதுகிறவன் பங்கேற்பாளர் இல்லையே. ஒப்புதலான தீர்மானத்தில் ஒருவர் ஏற்றுக்கொண்ட வேலையில் இன்னொருவன் கை வைத்தால் கோப்பு கந்தலாகிவிடும், இது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. தினமும் காலையில் போனைக் கையில் எடுப்பேன், நோட்டைப் பார்ப்பேன், போனைக் கீழே வைப்பேன். அவர்களைச் சொல்கிறேனே தவிர, நானும் லேசுப்பட்டவன் இல்லை. இதில் பாதித் தப்பு என்னுடையது.

ஐந்தாவது சனிக்கிழமை பதினொன்று இருபதுக்கு, ஓர் அரசுக்கு, செயல்படப் போதுமான அளவு விஷயம் தெரிய வாய்ப்பு உண்டா என்று பேசிக்கொண்டிருந்தபோது கீழே தொம் என்று ஒரு சத்தம். தையல்காரம்மாவின் கூரைப் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து, தைத்து, தேய்த்து, அடுக்கி வைத்திருந்த முப்பத்திரண்டு பள்ளிக்கூடச் சீருடைகள் மேல் விழுந்துவிட்டது. நல்ல வேளையாக அந்த அம்மா வாசலில் நூல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம் முன்னால் என்றால் பூச்சு அவர் தலையிலேயே விழுந்திருக்கும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, தலையெல்லாம் சுண்ணாம்பாக மேலே ஏறி வந்தார். ஒரு சத்தம் போடவில்லை. உள்ளங்கை அகலப் பூச்சுக்கட்டி ஒன்றை என் நோட்டின் மேல் வைத்து, "சார், இதையும் எழுதிக்கோங்க" என்றார். ஆனாலும்கூட ஆனாலும் என்று சொல்லவில்லை.

நான்தான் போன் செய்தேன். ப்ளம்பர் இருபது நிமிடத்தில் வந்தார். "வீட்டுக்காரர் யாருங்க?" என்று கேட்டார். ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், அது பெரிய கேள்வி என்று அவருக்குத் தெரியாது. பதிலுக்குக் காத்திருக்காமல் தொட்டிக்குக் கீழே புகுந்து வால்வை மூடினார். இரண்டே நிமிடம். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல வால்வை மூடணும் சார். அப்புறம் எவ்வளவு வேணா பேசலாம்" என்றார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாகப் பெரியவர் இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து, "இதைத் திரும்பச் சொல்லுங்க" என்று பேனாவை எடுத்தார். ப்ளம்பர் திரும்பச் சொன்னார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். இப்போது சனிக்கிழமை தவறாமல் வருகிறார். "நான் களத்துல இருந்து பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார். ஆக, பத்துப் பேர்.

ஒன்று சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் சுற்றும். அன்றைக்கு எல்லோரும் போனபின் மாப்பிள்ளை தனியாகக் கீழே இறங்கிப் போய், தையல்காரம்மாவின் வாசலில் நின்று, "தப்பு என்னோடதுங்க. அன்னைக்கே மாமா கூப்பிடப் போனார், நான்தான் தடுத்தேன்" என்று சொன்னார். பேராசிரியர் ஒருவர் 'நான்தான்' என்று சொல்லி, படியில் நின்ற என் காதால் கேட்டது அது ஒன்றுதான். முப்பத்திரண்டு சீருடைகளையும் மகள் அலச, நான் பிழிய, அவர் இரண்டு நாள் நின்றபடியே தேய்த்தார். மடிப்புக் கலையாமல் நன்றாகவே தேய்க்கிறார். இது தங்கள் வளர்ப்பு. கூரையும் பூசியாயிற்று, தையல்காரம்மாவும் சிரித்துப் பேசுகிறார்.

ஆனால் எனக்கு என் முன்னறை வேண்டும் சம்பந்தி. என் நாற்காலியில் நான் உட்கார்ந்து, என் டீயை யாருடைய சம்மதமும் இல்லாமல் குடிக்க வேண்டும். நேரடியாகச் சொல்லிப் பார்த்தேன். கூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றலாமே என்று போன மாதம் கையைத் தூக்கிச் சொன்னேன். "ஐயா பேசிட்டார்!" என்று குதூகலித்தார்கள். பிடிக்காத அமைப்பிலிருந்து வெளியேறும் உரிமையைப் பற்றி அன்று முழுக்கப் பேசிவிட்டு, புது இடம் தேடும் குழு ஒன்றை அமைத்து, என்னையே அதற்கு அமைப்பாளராகவும் போட்டு, ஆறு மாதத்தில் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளிடமே "போங்கள்" என்று சொல்லலாம் என்றால், பெண்ணைக் கொடுத்தவன் வாயில் அது வருமா? மாப்பிள்ளை தவறாக நினைக்காவிட்டாலும் மகள் முகம் வாடிவிடும். தாயில்லாத பெண், அப்பா வீட்டிலேயே இடமில்லை என்று நினைத்துவிட்டால் அப்புறம் நான் என்ன சொன்னாலும் ஆறாது. தாங்கள் ரயில் ஓட்டியவர்; பச்சைக்கொடி காட்டினால் வண்டி கிளம்பியாக வேண்டும் என்ற உலகத்தில் இருந்தவர். ஆகவே, மாடி அறை காலியாக இருக்கிறது, அம்மாவுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டும், உடனே இருவரும் வரவும் என்று தாங்களாக எழுதுகிற மாதிரி ஒரு வரி எழுதினால் போதும். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான், புத்தகம் படிக்கிறவருக்கு அது ஒரு தூரமா? நான் எழுதிக் கேட்டதாக மட்டும் தெரிய வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது, அறையைத் தயார் செய்ய வேறு யாரையாவது ஏற்றவும். எல்லா நலனும் தங்கள் இல்லத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்தி, அனுகூலமான உத்தரவை எதிர்பார்த்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் பணிவும் உள்ள சம்பந்தி.

பிற்சேர்க்கை: மேற்கண்ட கடிதம் ரத்து செய்யப்பட்டதாகக் கருதவும். எழுதிய காகிதத்தைக் கிழித்துப் பழக்கமில்லாததால் அனுப்புகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் எதுவும் எழுத வேண்டாம். மாடி அறையில் ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டாம்.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோதே குடியிருப்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கூரை வேலை முடிந்ததாம், புதன்கிழமை சாவியாம். மகள் அன்றைக்கே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் கேட்டது தங்களுக்குச் சிரமமே இல்லாமல் கிடைத்துவிட்டது, துள்ளிக் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. இவர்கள் வருவதற்கு முன் மூன்று வருடம் நான் எப்படி இருந்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மனுஷக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகக் காலையிலேயே ரேடியோவைப் போட்டுவிடுவேன். செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்வேன். அந்த வீடு எனக்குத் திரும்ப வேண்டாம் சம்பந்தி. பயமாக இருக்கிறது.

ஆகவே திங்கட்கிழமை குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த எழுத்தர் என் சாதி, மூக்குநுனிக் கண்ணாடி. ஒரு பொதுஜனமாகத்தான் கேட்டேன்: கூரை வேலை நடந்த கட்டடத்தில் மேல்நிலைத் தொட்டியைச் சோதித்து, மூன்று அதிகாரிகள் கையெழுத்திட்ட சான்று வாங்கியாயிற்றா? கோப்பைப் புரட்டினார். இல்லை. அவர் முகம் வெளுத்தது. "நல்ல வேளை சொன்னீங்க சார், என் தலை போயிருக்கும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சாவி நின்றுவிட்டது. குடிநீர் வாரியத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. தொட்டிச் சோதனைக்கு அங்கே வரிசை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அந்தப் பதிவேட்டை ஆரம்பித்து வைத்தவனே நான்தான்.

மாப்பிள்ளைக்கு வந்த கோபத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. தொட்டி விஷயத்தைக் கிளப்பிவிட்ட முட்டாள் யார் என்று தங்களுக்கும் போன் செய்து புலம்புவார். முட்டாள்தான் என்று ஒத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடவும். வருகிற சனிக்கிழமைக்கு, ஒழுங்காக நடக்கிற நிர்வாகத்தை நடுவில் நிறுத்தும் முகமறியாத குமாஸ்தாக்கள் என்பதுதான் பொருள். அனுபவஸ்தர் என்று என்னையே பேசச் சொல்லியிருக்கிறார்கள். நாலு பக்கம் தயார் செய்துவிட்டேன், நன்றாக வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் வேலையிலிருந்து வந்தாள். சேதியைக் கேட்டுவிட்டு, கட்டின பெட்டி ஒன்றின் மேலேயே உட்கார்ந்தாள். "தொட்டிக்கு மூணு கையெழுத்து வேணும்னு இந்த ஊர்ல எத்தனை பேருக்குப்பா தெரியும்?" என்று கேட்டாள். நிறையப் பேருக்குத் தெரியும் என்றேன். 

"எவ்வளவு நாளாகும்?"

"எட்டு மாசம். ஒன்பதுகூட ஆகலாம்மா."

"ஒன்பதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, எழுந்து பெட்டிக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள்.